இஸ்மாயில் பாய் இரண்டு முறை வாங்கிய மிஷின்

செண்பகனூரில் டவுன் பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேடு ஏறினால், டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே தகரக் கூரை போட்ட ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. வாசலில் எப்போதும் பாதி முடிந்த கேட் ஒன்று சாய்த்து வைத்திருக்கும். பெயர்ப் பலகையில் எழுத்தெல்லாம் மழையில் கரைந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு யாரும் வருவதும் இல்லை. இஸ்மாயில் பாய் பட்டறை என்றால் பூண்டியில் பூண்டு போடுகிறவருக்கும் தெரியும், மன்னவனூரிலிருந்து கேரட் லோடு ஏற்றி வருகிற டிரைவருக்கும் தெரியும்.

முகம்மது இஸ்மாயில் ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, கழுத்தில் மப்ளர், முன்னங்கை முழுக்கப் பொறி பட்ட புள்ளிகள். அவர் பற்றவைத்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பெயரெல்லாம் வேண்டாம். விரலால் தடவினாலே போதும். மீன் செதிலை அடுக்கி வைத்ததுபோல ஒரே சீராக இருக்கும். கட்டடம் கட்டுகிற மேஸ்திரிகள் அதைக் காட்டித்தான் மற்ற ஆட்களிடம் வேலை கேட்பார்கள். பாய்க்கு அதில் பெருமை உண்டு. வெளியே சொன்னதில்லை, ஆனால் உள்ளுக்குள் நிறைய உண்டு.

போன வருஷம் ஐப்பசி மழையில் அந்தக் கைதான் அவரைக் கைவிட்டது.

பூண்டிக்காரர் ஒருவருக்குக் கேட் செய்துகொண்டிருந்தார். வெல்டிங் ராடின் முனையை இரும்பில் தீக்குச்சி உரசுவதுபோல உரசி, நெருப்புப் பிடித்ததும் ஒரு மயிரிழை தூக்கிப் பிடிக்க வேண்டும். கூடுதலாகத் தூக்கினால் அணைந்துவிடும். தாழ்ந்தால் ராடு இரும்போடு ஒட்டிக்கொள்ளும். பாய்க்கு அது மூச்சு விடுவதுபோல. ஆனால் அன்றைக்கு ராடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தார். மறுபடியும் ஒட்டியது. மறுபடியும்.

"ராடு ஈரம்டா ஜெயமுருகா. மழையில ஊறிக் கெடக்கு" என்றார்.

ஜெயமுருகன் அவரிடம் பல வருஷமாக இருக்கும் ஆள். இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன். இரும்பு வெட்டுவது, தேய்ப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அவன். வெல்டிங் மட்டும் பாய். அவன் ராடு பாக்கெட்டை எடுத்துப்போய் டீக்கடை அடுப்போரம் வைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தான். காய்ந்த ராடும் ஒட்டியது.

முகமூடியின் கறுப்புக் கண்ணாடி வழியாக அப்போதுதான் பாய் பார்த்தார். ராடின் முனையில் இருந்த நெருப்பு நிற்கவில்லை. காற்றில் ஆடும் மெழுகுவர்த்திபோல இங்கும் அங்கும் அல்லாடியது. அடைத்த பட்டறைக்குள் காற்று ஏது? முகமூடியைக் கழற்றிவிட்டுக் கையைப் பார்த்தார். சும்மா தொங்கவிட்டால் ஒன்றும் இல்லை. எதையாவது பிடித்து நீட்டினால் விரல்கள் தந்தி அடித்தன.

அவரைப் பெற்ற அத்தாவுக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இருந்தது. கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்க முடியாமல், தலையைக் கிண்ணத்துக்குக் கொண்டுபோய்க் குடிப்பார். அந்தக் காட்சி கண்முன் வந்ததும் இஸ்மாயில் கையை அக்குளில் செருகிக்கொண்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. மழைக்காலம் முழுவதும் ராடு ஈரம் என்ற ஒரே சாக்கை வைத்து ஓட்டினார். மணிக்கட்டைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பார்த்தார். முழங்கையை மரக்கட்டையில் முட்டுக்கொடுத்துப் பார்த்தார். ராடைப் பாதியாக உடைத்துக் குட்டையாக்கினால் ஆட்டம் குறையுமா என்று பார்த்தார். கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். மெல்லிய பைப்பில் ஓட்டை விழுந்தது. ஜெயமுருகனுக்கு கிரைண்டர் வேலை கூடிக்கொண்டே போனது. முன்பெல்லாம் தேய்க்கவே வேண்டாத இடங்களில் இப்போது உருண்டை உருண்டையாகத் துருத்திக்கொண்டு நின்றதை அவன் பேசாமல் தேய்த்தான். அவன் பேசாததுதான் பாய்க்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் மனைவி சபுராவிடம் இருந்து மறைப்பது அதைவிடக் கஷ்டம்.

"ஏங்க, கை ஏன் இப்படி ஆடுது?"

"குளிரு."

"இந்த மலையிலதான பொறந்தீங்க? இத்தனை வருஷம் அடிக்காத குளிரா?"

"சோலி அதிகம் புள்ள. சும்மா நோண்டாத."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் சாப்பாட்டில் குழம்பை ஊற்றிப் பிசைந்தே தட்டில் வைக்க ஆரம்பித்தாள். பாய் அதைக் கவனித்தார். கவனிக்காததுபோலச் சாப்பிட்டார். டாக்டரிடம் போகலாம் என்று அவள் ஒரு நாள் மெல்ல ஆரம்பித்தபோது எழுந்து வெளியே போய்விட்டார். டாக்டர் வாயிலிருந்து நடுக்குவாதம் என்ற பெயர் வந்துவிட்டால் பட்டறையை அன்றைக்கே பூட்ட வேண்டியதுதான் என்று அவருக்குத் தோன்றியது. பெயர் தெரியாதவரைக்கும் அது வெறும் நடுக்கம்தானே?

தை மாதம் இரும்பு எடுக்க வத்தலகுண்டுக்கு இறங்கினார். அங்கே லாரிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையில், ஒருவன் உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவன் கையில் ராடு இல்லை. தண்ணீர் பாய்ச்சும் குழாய்போல ஒரு கன். இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கட்டைத் தகரத்தின்மேலேயே ஊன்றிக்கொண்டு, விசையை அமுக்கிக்கொண்டிருந்தான். உள்ளிருந்து கம்பி தானாக வந்துகொண்டே இருந்தது. தூக்கிப் பிடிக்க வேண்டாம், ராடு குறையக் குறையக் கையைத் தாழ்த்த வேண்டாம். பாய் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, இது என்ன மிஷின்?"

"மிக் மிஷின் பாய். புடிச்சுப் பாக்குறீங்களா?"

பாய் கன்னை இரண்டு கையாலும் பிடித்தார். இரண்டு மணிக்கட்டையும் ஊன்றினார். விசையை அமுக்கினார். சர்ரென்று ஒரே சத்தம். கோடு நேராக ஓடியது. மாதக்கணக்கில் அவர் கை போடாத நேர்க்கோடு. முகமூடியை உடனே கழற்றவில்லை. உள்ளே கண்ணைத் துடைத்துக்கொள்ள வழியில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

பஸ்ஸில் மலை ஏறும்போது மனசு முழுக்க அந்தச் சத்தம்தான். மறு வாரமே திண்டுக்கல்லுக்குப் போனார்.

மிஷின் கடையில் குகன் என்று ஒரு விற்பனையாள் இருந்தான். பொறுமையான பையன். வரிசையாக நின்ற மிஷின்களைக் காட்டிக் காட்டிச் சொன்னான். பெரிய மிஷினுக்கு மூணு பேஸ் கரண்ட் வேண்டும், கனத்த இரும்பையும் தின்னும். சின்ன மிஷின் வீட்டு கரண்டிலேயே ஓடும், ஒரு கையால் தூக்கிப் போகலாம். கேஸ் சிலிண்டர் வைத்தால் வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் காற்றடிக்கிற இடத்தில் கேஸ் கலைந்துவிடும். வெளிவேலைக்கு கேஸ் இல்லாமல் ஓடும் கம்பி தனியாக இருக்கிறது.

"எதுக்குண்ணே அதிகம் யூஸ் பண்ணுவீங்க? கேட் வேலையா, கனமான வேலையா?"

"எல்லாந்தான்."

"மலையில கரண்ட் எப்படிண்ணே? வோல்டேஜ் எறங்குமா? எறங்குச்சுன்னா இந்தச் சின்ன மிஷின் சரிப்படாது. அதுக்கு வேற ஒண்ணு இருக்கு, கொஞ்சம் கனம்."

சாயங்காலமானால் செண்பகனூரில் டியூப் லைட்கூட எரிய யோசிக்கும். லாட்ஜுகளில் எல்லாம் ஹீட்டர் போட்டுவிடுவார்கள். பாய்க்கு அது தெரியாதா? ஆனால் அவர் பார்வை அந்தச் சின்ன மிஷினின் கன்மேலேயே இருந்தது. லேசான கன். சற்று முன் கடையில் அதைத்தான் பிடித்துப் பார்த்திருந்தார், அதில்தான் கோடு ஆடவில்லை. வேறொன்றை எடுத்து, அதில் கை ஆடி, இந்தப் பையன் அதைப் பார்த்துவிட்டால்?

"கரண்டெல்லாம் நல்லாத்தான் இருக்கும் தம்பி. இதையே கட்டு."

மிஷின் பட்டறைக்கு வந்த முதல் பத்து நாள் இஸ்மாயில் பாய் இளமை திரும்பிய ஆள்போல இருந்தார். வெள்ளனே வந்து பட்டறையைத் திறந்தார். ராடு மாட்டும் பழைய ஹோல்டரையும் ராடையும் மூட்டை கட்டி மேலே தூக்கிப்போட்டார். ஜெயமுருகன் ஒரு ஜன்னல் கிரில்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாய், இனிமே எனக்குச் சோலியே இல்ல போலயே" என்று சிரித்தான். அவன் சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் பாய்க்கு உறைத்தது.

இந்தச் சமயத்தில்தான் சிவபாக்கியம் அம்மா வந்தார். வில்பட்டி போகிற பாதையில், சரிவு ஓரத்தில் வீடு. புருஷன் போனபிறகு மேல்மாடியில் மூன்று அறை கட்டி, டூரிஸ்டுகளுக்கு விட்டுப் பிழைக்கிறவர். பால்கனியில் இருந்த மரக் கைப்பிடி உளுத்துவிட்டது. சீசனுக்குள் இரும்பில் போட்டுத் தர வேண்டும்.

"வேற ஆளக் கூப்பிட எனக்கு மனசு வரலை பாய். கீழ பாத்தீங்கன்னா அம்புட்டும் பள்ளம். உங்க வேலைன்னா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

மாதக்கணக்காக வெளிவேலைகளைத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தவர் அன்று உடனே சரி என்றார். பைப்புகளைப் பட்டறையிலேயே பகலில் சேர்த்து முடித்தார். ஆனால் தூண்களைப் பால்கனித் தரையில் பதித்த தகட்டோடு அங்கே போய்த்தான் பற்றவைக்க வேண்டும். பிளக் கீழ்வீட்டில்தான் இருந்தது. பட்டறையில் கிடந்த நீளமான பழைய வயரை இழுத்துக் கொடுத்தான் ஜெயமுருகன். சரிவில் காற்றடித்ததால் கேஸ் இல்லாத கம்பியைப் போட்டார். மதியத்துக்கு மேல் பனி இறங்கிவிட்டது. அக்கம்பக்கத்து லாட்ஜுகளில் விளக்கு எரிய ஆரம்பித்தது. மிஷின் சத்தம் கொஞ்சம் கம்மினாற்போல இருந்தது. சர்ரென்ற சத்தம் மாறிப் படபடவென்று வந்தது. பாய் நிறுத்தவில்லை. மண்டியிட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, ஒவ்வொரு தூணையும் சுற்றிக் கோடு போட்டார். கோடு அழகாக வந்தது. ஒரு தடவைகூட ஆடவில்லை.

சிவபாக்கியம் அம்மா கைப்பிடியில் கையை வைத்து இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுக் காபி கொடுத்தார். பாய் அன்றைக்கு வீட்டில் சபுராவிடம் தானாகவே கொடைக்கானல் பஜார் கதையெல்லாம் பேசினார்.

சித்திரை பிறந்தது. மலைமேல் கார்கள் முட்டிமோதிக்கொண்டு நின்றன. ஒரு நாள் காலை, ஜெயமுருகன் கேஸ் சிலிண்டருக்கு ஒரு ஸ்டாண்டு செய்யலாம் என்று கிடந்த துண்டுகளைப் பொறுக்கினான். பால்கனி வேலை நடந்த அன்று, மிஷினைச் சரி பார்க்க அங்கேயே ஒரு துண்டுப் பைப்பைத் தகட்டில் பற்றவைத்திருந்தார் பாய். சாமான் பெட்டியோடு அதுவும் வந்திருந்தது. ஜெயமுருகன் அதை வைஸ் இடுக்கியில் இறுக்கி, வளைப்பதற்காகச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான்.

பைப் தனியாகப் போய் விழுந்தது.

"பாய்." அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "இங்க கொஞ்சம் வாங்க."

பாய் அந்தத் தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். கோடு அப்படியே முழுசாக இருந்தது, வளையல்போல வட்டமாக, அழகாக. ஆனால் அது பைப்பைவிட்டு உரிந்து வந்திருந்தது, கல்லில் பிடிக்காத தோசை எழுந்து வருவதுபோல. கீழே இரும்பு உருகவே இல்லை. பளபளவென்று, அப்போதுதான் தேய்த்ததுபோல இருந்தது. கம்பி உருகி மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கரண்ட் போதவில்லை. சூடு உள்ளே இறங்கவில்லை.

ராடு பிடித்த காலத்தில் இது அவருக்கு நடந்ததே இல்லை. நெருப்புக்குள் இரும்பு இளகிக் குழம்பாவதைப் பார்த்துப் பார்த்துத்தான் நகர்த்துவார். இந்த மிஷின் வந்ததிலிருந்து அவர் இரும்பைப் பார்க்கவே இல்லை. கோட்டை மட்டும் பார்த்திருக்கிறார். கை ஆடுகிறதா, ஆடவில்லையா என்று அதை மட்டும் பார்த்திருக்கிறார்.

"அந்தம்மா பால்கனி..." என்றான் ஜெயமுருகன்.

பாய் போனை எடுத்தார். விரல் எண்களில் நிற்கவில்லை. ஜெயமுருகன் பிடுங்கி அவனே போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுக்கவில்லை.

"வண்டிய எடுடா. வெரசா!"

சீசன் நெரிசலில் வண்டி நகரவில்லை. கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்து ஜெயமுருகன் ஓட்ட, பின்னால் உட்கார்ந்திருந்த இஸ்மாயில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா, யா அல்லா" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரு வளைவில் வேன் ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. பாய் இறங்கி ஓட ஆரம்பித்தார். மேட்டில் மூச்சு முட்டியது. செருப்பு ஒன்று எங்கோ கழன்று போனது. அந்தப் பள்ளம் மட்டும் மனசுக்குள் திறந்துகொண்டே இருந்தது. யாரோ சாய்வார்கள். சாய்ந்து சிரித்துக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். அதற்குத்தானே பால்கனி?

வீட்டுக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தார். பால்கனியில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. ஆம்பிளை ஒருவர் போனை நீட்டிப் பிடித்திருந்தார். ஒரு சின்னப் பெண்குழந்தை கீழ்ப் பைப்பின்மேல் ஏறி நின்று, மேல் பைப்பைக் கட்டிக்கொண்டு, மேகத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள போங்க!" என்று கத்தினார். குரல் மேலே எட்டவில்லை. மறுபடி கத்தினார். "சார்! புள்ளைய எறக்குங்க! கம்பிய விட்டு உள்ள போங்க!"

அவர்கள் அவரைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். ஒற்றைச் செருப்பும் கலைந்த தலையுமாக ஒருவர் கத்தினால் வேறு என்ன நினைப்பார்கள்? குழந்தையின் தாய் மட்டும் ஏதோ உணர்ந்து அதை இடுப்போடு தூக்கிப் பின்னால் இழுத்தாள். பாய் படியேறி மேலே வந்து, அவர்கள் எல்லாரையும் அறைக்குள் தள்ளாத குறையாக அனுப்பினார். பிறகு கடைசித் தூணின் அடியில் காலால் ஓங்கி ஒரு உதை விட்டார். தூண் கிறீச்சென்று சத்தம் போட்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது.

மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையோடு சிவபாக்கியம் அம்மா வந்தபோது, பால்கனி வாசலில் குறுக்காகக் கயிறு கட்டியிருந்தது. பாய் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. பொய் சொல்வதற்கு அவரிடம் தெம்பு மிச்சமில்லை.

"வெல்டு புடிக்கலம்மா. மேலாக ஒட்டியிருக்கு. தப்பு என் மேலதான்."

"உங்களுக்கா பாய்? உங்களுக்கா புடிக்கல?"

அவர் தன் வலது கையை நீட்டிக் காட்டினார். அது ஆடியது. மறைக்காமல், கட்டிப்போடாமல், அப்படியே நீட்டி வைத்திருந்தார்.

"ரொம்ப நாளா இப்படித்தான். யாருகிட்டயும் சொல்லல. ராடு புடிக்க முடியல. அதுக்காகத்தான் புது மிஷின் வாங்குனேன். அது இந்தக் கரண்டுக்கு ஆவாதுன்னு கடைக்காரப் பையன் சொன்னான். நான் பொய் சொன்னேன்."

சிவபாக்கியம் அம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சாய்ந்து நின்ற தூணைப் பார்த்தார். அதற்கும் கீழே, வெள்ளைப் பனி நிரம்பிய பள்ளத்தைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"நோவு வந்தா சொல்ல வேண்டியதுதான? உங்களுக்கு வெக்கம், அதுக்கு என் வீட்டுல ஒரு புள்ள சாகணுமா? அந்தக் குழந்தை விழுந்திருந்தா நான் எங்க போய் நிப்பேன், சொல்லுங்க பாய்? எங்க போய் நிப்பேன்?"

ஜெயமுருகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பாய் கையமர்த்தினார்.

"இங்க நிக்காதீங்க. போங்க. கண்ணு முன்னாடி நிக்காதீங்க" என்றார் சிவபாக்கியம் அம்மா.

பாய் போகவில்லை. போனால் கயிற்றை யாராவது தாண்டிவிடுவார்கள் என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். ஜெயமுருகனை நாயுடுபுரத்துக்கு அனுப்பினார். அங்கே சேனாதிபதி என்று ஒரு வெல்டர். இத்தனை வருஷம் பாய்க்குப் போட்டி. இருவரும் நேருக்கு நேர் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொள்கிறவர்கள். சீசன் நேரத்தில் அவனுக்கும் தலைக்குமேல் வேலை. இருந்தாலும் வந்தான். ராடும் ஹோல்டரும் தடித்த கேபிளும் எடுத்துக்கொண்டு வந்தான். உடைந்த தூணின் அடியைக் குனிந்து பார்த்தவன் உச்சுக்கொட்டினான். பிறகு பாயின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேபிளை விரிக்க ஆரம்பித்தான்.

அன்று முழுக்க சேனாதிபதி பற்றவைத்தான். இஸ்மாயில் பாய் தூண்களைக் கட்டிப்பிடித்துச் செங்குத்தாக நிறுத்திக் கொடுத்தார், கையாள்போல. இரு கையாலும் அணைத்து, மார்போடு சேர்த்துப் பிடித்தால் தூண் ஆடவில்லை. ஒவ்வொரு தூணையும் முடித்ததும் சேனாதிபதியை ஒதுங்கச் சொல்லிவிட்டுச் சுத்தியலால் அடித்து அடித்துப் பார்த்தார். சேனாதிபதிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இன்னும் ரெண்டு போடு போடுங்க பாய்" என்றான்.

வேலை முடிந்து இறங்கும்போது சிவபாக்கியம் அம்மா சேனாதிபதிக்கும் ஜெயமுருகனுக்கும் காபி கொடுத்தார். பாயின் தம்ளரை மட்டும் அவர் பக்கமாகத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பாய் அதை எடுக்கவில்லை. எடுத்தால் சிந்தும்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசம். பட்டறை பூட்டிக் கிடந்தது. பாய் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கண்ணை மூடினால் அந்தக் குழந்தையின் கை ஆடியது. தொழுகைக்கு எழுந்தால் தக்பீருக்குத் தூக்கிய கை நடுங்கியது. ஜெயமுருகன் தினமும் வந்து வாசலில் நின்று, "பாய், கடையத் தொறக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவனை வேறு பட்டறையில் கூப்பிடுகிறார்கள் என்று பாய்க்குத் தெரியும். போடா என்று சொல்லவும் நாக்கு வரவில்லை, இரு என்று சொல்லவும் வரவில்லை. இரும்பை விட்டால் வேறு என்ன தெரியும்? இந்த வயதில், இந்த மலையில், இந்தக் கையை வைத்துக்கொண்டு?

ஒரு நாள் சபுரா புர்காவைப் போட்டுக்கொண்டு வந்து அவர் தலைமாட்டில் நின்றாள்.

"எழுந்திரிங்க. திண்டுக்கல்லு போறோம்."

"எதுக்கு?"

"மொதல்ல டாக்டரு. அப்புறம் அந்த மிஷின் கடை. நீங்க வரலைன்னா நானே மிஷினத் தூக்கிட்டுப் போயி, எம்புருசனுக்குக் கை நடுங்குது, அதுக்கு ஏத்தது குடுங்கன்னு கேக்கப் போறேன்."

அவள் செய்துவிடுவாள். பாய் எழுந்தார்.

டாக்டர் கையை நீட்டச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், தாளில் வட்டம் சுழிக்கச் சொன்னார். பாய் பயந்த நடுக்குவாதம் இது இல்லை என்றார். அத்தாவுக்கு இருந்ததுபோலப் பரம்பரையாக வருகிற நடுக்கம், உயிருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் போகவும் போகாது. மாத்திரை சாப்பிட்டால் குறையும். எவ்வளவு குறையும், எத்தனை வருஷம் குறைந்தபடியே இருக்கும் என்று கேட்டதற்கு, "பாக்கலாம்ங்க" என்றார். சபுரா வெளியே வந்து முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாய்க்கு நிம்மதியா துக்கமா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

மிஷின் கடையில் குகன் அவரை அடையாளம் கண்டு சிரித்தான். பாய் சிரிக்கவில்லை. மிஷினைத் தரையில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். கரண்ட் எப்படி இறங்கும் என்று சொன்னார். பழைய வயரை இழுத்ததைச் சொன்னார். பால்கனியைச் சொன்னார். கையை நீட்டிக் காட்டினார். கடையில் நின்ற மற்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றார்.

குகன் மிஷினைக் குனிந்து பார்த்தான். பிறகு, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இந்த மிஷினக் குடுத்திருக்க மாட்டேண்ணே" என்றான். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. வருத்தமாகச் சொன்னான். உள்ளே போய், அழகே இல்லாத ஒரு மிஷினை உருட்டிக்கொண்டு வந்தான். கரண்ட் நன்றாக இறங்கினாலும் தாங்கும். எவ்வளவு வோல்ட் வருகிறது என்று முகப்பிலேயே எண் காட்டும். கன் கொஞ்சம் கனம்.

பாய் பையிலிருந்து தன் பட்டறைப் பைப்புத் துண்டுகளை எடுத்தார். மலையில் வருகிற அளவுக்குக் கரண்டைக் குறைத்துவைக்க முடியுமா என்று கேட்டார். குகன் கடையில் இருந்த ஒரு கருவியை வைத்துக் குறைத்துக் கொடுத்தான். பாய் பற்றவைத்தார். கோடு லேசாக ஆடித்தான் வந்தது. அழகாக இல்லை. அதை வைஸில் மாட்டி, சுத்தியலால் அடித்தார். பைப் வளைந்தது, நசுங்கியது. பற்றவைத்த இடம் விடவில்லை. இன்னொன்றைப் பற்றவைத்தார். அடித்தார். கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கொண்டுவந்த துண்டெல்லாம் தீரும்வரைக்கும் அடித்துவிட்டு, "இதையே குடு தம்பி. தடிச்ச கேபிளும் குடு" என்றார். பழைய மிஷினைக் கடை எடுத்துக்கொண்டது.

இப்போது இஸ்மாயில் பாய் பட்டறை திறந்திருக்கிறது. பால்கனி, மாடிப்படி, ஊஞ்சல் என்று வந்து கேட்பவர்களை அவரே நாயுடுபுரத்துக்கு அனுப்பிவிடுகிறார். பூண்டு காயவைக்கும் அடுக்கு, ஜன்னல் கம்பி, தோட்டத்து கேட், இவ்வளவுதான் எடுப்பது. அதனால் வருமானம் பாதியாகிவிட்டது. ஜெயமுருகன் வாரத்தில் பாதி நாள் சேனாதிபதியிடம் போகிறான். பாய்தான் போகச் சொன்னார். சிவபாக்கியம் அம்மா அதற்குப்பிறகு வேலை எதுவும் கொடுக்கவில்லை. பஜாரில் பார்த்தால் நின்று, "கை எப்படி இருக்கு பாய்?" என்று கேட்பார். "இருக்கும்மா" என்பார் இவர்.

மாத்திரை சாப்பிடுகிற நாளில் நடுக்கம் அடங்கியிருக்கும், கொஞ்சம் தலை சுற்றும். சில நாள் மாத்திரைக்கும் கேட்காது. காலையில் பட்டறையைத் திறந்ததும் பாய் ஒரு துண்டைப் பற்றவைத்து உடைத்துப் பார்ப்பார். போன வாரம் ஒரு நாள் அது உடைந்தது. மிஷின் எண் சரியாகத்தான் காட்டியது. கேபிளும் சரிதான். கைதான் ஓரிடத்தில் நிற்காமல் தாண்டிப் போயிருந்தது. பூண்டிக்காரர் ஒருவர் அடுக்குக்காக வேனோடு வந்து காத்திருந்தார்.

"இன்னைக்கு முடியாதுங்க" என்றார் பாய்.

"என்ன பாய், இம்புட்டுத் தூரம் வந்துட்டு? கரண்ட் இல்லையா?"

"கரண்ட் இருக்கு. என் கை இன்னைக்குச் சரியில்ல. நாளைக்கு வாங்க. நாளைக்கும் சரியில்லன்னா போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

பூண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். பாய் சுவிட்சை அணைத்துவிட்டு, அந்த அடுக்கின் மேல் தட்டுகளில் முந்தின நாள் பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.